நேர்ஸ்மார் ஏன் ஏசுகினம்?

2024 அக்டோபர் 18
(வாசகர் ஒருவரின் கேள்வி)

அப்பாவை ஆறு நாள் வாட்டில் வைத்திருந்தோம். வைத்தியத்தில் குறை சொல்ல மாட்டேன், ஆள் சுகமாகி வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் ஆறு நாளும் ஏச்சுக் கேட்டே காது புளித்துவிட்டது. கட்டிலில் இருந்தால் ஏச்சு, வழியில் நின்றால் ஏச்சு, ஒரு விஷயத்தை இரண்டு தரம் கேட்டால் அதற்கும் ஏச்சு. யாழ்ப்பாணத்து நேர்ஸ்மார் ஏன் இப்படி? உள்ளே வேலை செய்கிற யாராவது பதில் சொல்லுங்கள்.

அக்டோபர் 18, இரவு 10.15

உள்ளே வேலை செய்கிற ஒருத்திதான் எழுதுகிறேன். குடாநாட்டில் அரச ஆஸ்பத்திரி ஒன்றில் 22 வருடமாக நேர்ஸ். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள்.

எங்கள் டியூட்டி காலை 7 முதல் பகல் 1 வரை, 1 முதல் இரவு 7 வரை, பிறகு இரவு 7 முதல் விடிய 7 வரை. போன கிழமை ஒரு இரவைச் சொல்கிறேன். வாட்டில் 38 பேர், நாங்கள் இரண்டு நேர்ஸ். பொறுப்பெடுத்து, ஒவ்வொருவரின் டிக்கெட்டையும் (நோயாளியின் விபரம் எழுதுகிற பத்திரம்) பார்த்து முடிக்கவே எட்டு மணியாகிவிடும். பத்து மணிக்கு அன்டிபயோட்டிக் ஊசி 14 பேருக்கு. தூளைக் கரைத்து, கையில் போட்ட கனுலாக் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்த்து, நரம்பு வழியாக மெதுவாக ஏற்ற வேண்டும். அவசரப்பட்டு ஏற்றினால் கை நோகும், நரம்பு வீங்கும். ஒருவருக்கு ஐந்து நிமிடம் என்றாலும் கணக்கைப் பாருங்கள். அதற்கிடையில் ஒருவருக்கு முட்டு வந்து ஒட்சிசன் வைக்க வேண்டும், இன்னொருவர் சேலைன் குழாயைப் பிடுங்கிவிட்டார், நிலத்தில் பாயில் படுத்திருந்த ஐயாவுக்குப் பிரஷர் விழுகிறது.

இன்சுலின் ஒரு மில்லிலீட்டரில் 100 அலகு. பத்து அலகு என்பது அதில் பத்தில் ஒரு பங்குதான், கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்க்கிற அளவு. அந்த நேரம் பின்னால் நின்று ஒருவர் "மிஸ், எங்கட அப்பாக்கு நாளைக்குத் துண்டு வெட்டுவினமோ?" என்று கேட்டால் எனக்குக் கோபம் வரத்தான் செய்யும். கையிலிருப்பது இன்னொருவருடைய அப்பாவின் மருந்து. கவனம் பிசகினால் உயிர் போகும்.

ஆகவே ஏசுகிறோம் என்றால் நேரமில்லை என்று அர்த்தம். வேறொன்றுமில்லை.

அக்டோபர் 19, காலை

இரண்டு பேர் என்று எழுதியதைப் பார்த்து, தன் அக்காவின் வாட்டில் இரவில் நான்கு நேர்ஸ் நிற்கிறார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தீவிர சிகிச்சைப் பிரிவாக இருக்கும். அங்கே கணக்கு வேறு, ஒரு நேர்ஸுக்கு ஒன்றிரண்டு கட்டில்தான். நான் சொன்னது சாதாரண மெடிக்கல் வாட்.

அக்டோபர் 21, இரவு

"அந்தக் காலத்து நேர்ஸ்மார் தெய்வங்கள், இப்போது வருகிறவர்கள்தான் இப்படி" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இன்றைய திகதியில் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்போல் இருக்கிறது.

1987 அக்டோபர் 21 தீபாவளி நாள். அன்று இந்திய அமைதிப்படை யாழ் போதனா வைத்தியசாலைக்குள் புகுந்து சுட்டதில் டொக்டர்கள், தாதியர், சிற்றூழியர் என்று 21 பணியாளர்கள் இறந்தார்கள். கட்டிலில் கிடந்த நோயாளரும் இறந்தார்கள். ஒவ்வொரு வருடமும் இந்த நாளில் அந்தப் பெரியாஸ்பத்திரியில் விளக்கேற்றி நினைவுகூருவார்கள்.

நான் பயிற்சிக்குச் சேர்ந்தது 1999-இல். எங்களுக்குக் கட்டில் விரிக்கக் கற்றுக்கொடுத்த மூத்த சிஸ்டர் ஏச்சுக்குப் பேர் போனவர். விரிப்பின் மூலை சரியாக மடியவில்லை என்றால் முழுவதையும் உருவிவிட்டுத் திரும்ப விரிக்கச் சொல்வார். நோயாளிக்கு முன்னால் வைத்தே ஏசுவார். ஒக்டோபர் 21 அன்று மட்டும் ஒருவரையும் ஏச மாட்டார். காலையில் வருவார், வேலையைப் பார்ப்பார், தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விடுவார். ஏன் என்று அவர் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்தது, கூட வேலை செய்தவர்களை அன்று இழந்தவர் என்று.

அந்தக் காலத்தவர்களும் ஏசினார்கள். ஷெல்லடிக்குள், மின்சாரமில்லாமல், ஜாம்போத்தல் விளக்கில் மருந்து கட்டிக்கொண்டு ஏசினார்கள். தெய்வமென்று சொல்லித் தூக்கி வைக்க வேண்டாம். மனிசர் செய்த வேலை அது. அதனால்தான் எனக்கு அவர்கள்மேல் இவ்வளவு மரியாதை.

அக்டோபர் 24

கனடாவிலிருந்து ஒரு தம்பி, 'துண்டு வெட்டுவது' என்றால் என்ன என்று கேட்டிருக்கிறார். பயப்பட வேண்டாம், ஒப்பரேஷன் இல்லை! டிஸ்சார்ஜ் பண்ணுவதைத்தான் இங்கே அப்படிச் சொல்வது. "துண்டு வெட்டியாச்சு" என்ற சொல்லைக் கேட்டவுடன் வாட்டில் ஒரு முகம் மலருமே, அதைப் பார்க்கிற ஆசை எனக்கு இன்னும் போகவில்லை.

இன்னொருவர், 'தாதி' என்ற நல்ல தமிழ்ச்சொல் இருக்க ஏன் 'நேர்ஸ்', 'மிஸ்' என்கிறீர்கள் என்று கேட்கிறார். சம்பளப் பத்திரத்தில் தாதிய உத்தியோகத்தர்தான். வாட்டில் ஒருவரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். வயது போனவர்கள் "பிள்ளை" என்பார்கள், அது எனக்குப் போதும். ஆனால் தமிழில் வைத்தியம் கதைப்பது இந்த ஊருக்குப் புதிதில்லை. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டொக்டர் சாமுவேல் கிறீன் 1847-இல் இங்கே வந்து, மானிப்பாயில் ஆஸ்பத்திரி நடத்தி, பிறகு தமிழிலேயே மாணவர்களுக்கு வைத்தியம் படிப்பித்தார். உடற்கூறு, சத்திரசிகிச்சைப் புத்தகங்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். நூற்றைம்பது வருடத்துக்கு முன்னர் அவரால் முடிந்தது. இன்று நாங்கள் ஒரு அம்மாவிடம் "கிரியட்டினின் கூடிப்போச்சு" என்று சொல்லிவிட்டு நடக்கிறோம். "சிறுநீரகம் கழிவை வடிகட்டுறது குறைஞ்சுபோச்சு அம்மா" என்று சொல்ல அரை நிமிடம்தான் கூடச் செல்லும். இதை எழுதும்போது எனக்கே உறைக்கிறது.

நவம்பர் 3

விஷயத்தை விட்டு விலகுகிறேன், மன்னிக்கவும். கந்தசஷ்டி நேற்றுத் தொடங்கிவிட்டது. வருடா வருடம் இந்த ஆறு நாளுக்குள் இரத்தத்தில் சீனி இறங்கி மயங்கியவர்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். உங்கள் வீட்டில் இன்சுலின் போடுகிறவர்கள் விரதம் இருந்தால் இதை வாசித்துக் காட்டுங்கள்.

சாப்பிடாமல் முழு இன்சுலினையும் போடக் கூடாது. தன்பாட்டில் நிறுத்தவும் கூடாது. கிளினிக்கில் கேட்டு அளவை மாற்றிக்கொண்டுதான் விரதம். திடீரென வேர்த்துக் கொட்டினால், கை நடுங்கினால், கதை குழறினால், விடிந்ததும் வழக்கமில்லாமல் எரிந்து விழுந்தால் உடனே சீனி பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள், 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். ஆள் நினைவில்லாமல் கிடந்தால் வாயில் ஒன்றும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள். முருகன் கோபிக்க மாட்டார்.

நவம்பர் 9

எழுதுவதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். நவம்பர் 3-இல் நான் எழுதியதை வாசித்து நன்றி சொன்ன அத்தனை பேருக்கும் இதைச் சொல்லாமல் விட்டால் சரியில்லை.

அம்மா எங்களோடுதான் இருக்கிறார். 71 வயது. காலையும் மாலையும் இன்சுலின். இந்த வருடம் விரதம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அவரும் சரி என்று தலையாட்டினார். இரவுச் சாப்பாடு மூடினபடி இருந்ததைக் கண்டு கேட்டால் "கோயில்ல சாப்பிட்டனான் பிள்ளை" என்பார். நான் நம்பினேன். நம்பினேன் என்பதைவிட, களைப்பில் அதற்கு மேல் கேட்கவில்லை என்பதுதான் உண்மை. ஐந்து நாளும் பின்னேரம் ஒரு பாலும் பழமும்தான், இன்சுலின் மட்டும் முழுதாக.

சூரன்போர் நாள் விடியப்புறம் நான் இரவு டியூட்டியில். 4.50-க்கு மகளிடமிருந்து போன். அவளுக்கு உயர்தரப் பரீட்சை நெருங்குகிறது, நாலரைக்கு எழும்பிப் படிப்பவள். "அம்மா, அம்மம்மா கதைக்கிறது விளங்கேல்லை, சட்டையெல்லாம் தோஞ்சுபோச்சு." சீனி பார்க்கச் சொன்னேன். 41. விழுங்க முடிகிறதா என்று கேட்டேன், முடிகிறது என்றாள். மூன்று தேக்கரண்டி சீனி. போனை வைக்காமல் 15 நிமிடம் இருந்தோம். 58. திரும்பவும் சீனித்தண்ணீர். 83. மாலையில் போடுகிற கலவை இன்சுலின் இன்னும் உடம்பில் இருக்கும், திரும்பவும் இறங்கும் என்று எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு அண்ணாவின் ஓட்டோவில் ஏற்றி, கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொன்னேன்.

நான் போகவில்லை. கூட நின்ற நேர்ஸ் "நீங்கள் போங்கோ அக்கா" என்றாள். ஐந்து மணிக்கு இரத்தம் எடுக்க வேண்டியவர்கள் பதினொரு பேர், மூச்சுக்குக் கஷ்டப்படுகிற ஒருவர், அவளோ வேலைக்கு வந்து ஆறு மாதம். ஏழு மணிக்கு ஆள் வந்து பொறுப்பெடுக்கும்வரை நின்றேன். அந்த இரண்டு மணித்தியாலத்துக்குள் மூன்று பேரையாவது ஏசியிருப்பேன். யாரை, எதற்கு என்று நினைவில்லை. ஏசியது மட்டும் நினைவிருக்கிறது.

ஏழே முக்காலுக்கு வெள்ளை உடுப்போடேயே அங்கே போய்ச் சேர்ந்தேன். அம்மாவுக்கு குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு சின்னப் பிள்ளை, 25 வயது இருக்கும், கனுலாவைச் சரிசெய்துகொண்டு நின்றாள். என்னையும் என் உடுப்பையும் பார்த்தாள். "நீங்களும் நேர்ஸ்தானே அக்கா? இன்சுலின் போடுற ஆள் அஞ்சு நாளாச் சாப்பிடேல்லை, வீட்டில ஒருத்தரும் பாக்கேல்லையோ?" வாட் முழுக்கக் கேட்டது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வாய் வரவில்லை. 22 வருடத்தில் எத்தனை பேரிடம் இதே வசனத்தைச் சொல்லியிருப்பேன்.

ஆனால் அவளுடைய கையையும் பார்த்தேன். பிளாஸ்டரை ஒட்டும்போது ஒரு நுனியை உள்ளுக்கு மடித்துவிட்டு ஒட்டினாள். அப்படி விட்டால் கழற்றும்போது நகத்தால் சுரண்ட வேண்டி வராது. வயது போனவர்களின் தோல் மெல்லிய காகிதம் மாதிரி, சுரண்டினால் உரிந்துவிடும். அவளுக்கு அதை யாரும் கட்டளையிட்டிருக்க மாட்டார்கள்.

நவம்பர் 10

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். கேட்டவர்களுக்கு நன்றி.

கணவர் எங்கே என்று கேட்டவருக்கு: வவுனியாவில் வேலை, வெள்ளி இரவு வந்து ஞாயிறு போவார். நான் இரவு டியூட்டிக்குப் போகும் நாளில் வீட்டில் அம்மாவும் மகளும்தான்.

நவம்பர் 13

முதல் நாள் எழுதியதைத் திரும்ப வாசித்தேன். "நேரமில்லை என்று அர்த்தம், வேறொன்றுமில்லை" என்று முடித்திருக்கிறேன். அது பாதி சரி. மற்றப் பாதியை இப்போது சொல்கிறேன்.

ஏழெட்டு வருடத்துக்கு முன்னர் நெடுந்தீவிலிருந்து ஒரு ஐயா வந்து இருந்தார், கூட மனைவி. துண்டு வெட்டுகிற நாள் அந்த அம்மா காலையிலிருந்தே கேட்டபடி. "எத்தனை மணியாகும் பிள்ளை? பன்னிரண்டுக்கு முதல் வெட்டுவினமோ?" முதல் தரம் பதில் சொன்னேன். மூன்றாம் தரம் ஏசினேன். "உங்களுக்கு மட்டுமோ துண்டு? டொக்டர் எழுதினாத்தான் தரலாம், போய் இருங்கோ." அவர் போய்க் கட்டிலடியில் இருந்தார், பிறகு வாய் திறக்கவில்லை. துண்டு கையில் கிடைக்கும்போது இரண்டு மணி தாண்டிவிட்டது. மருந்தும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த நாள் காலை டியூட்டிக்கு வரும்போது பஸ் நிலையத்தில் அவர்களைக் கண்டேன். ஐயா பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்க, அம்மா பக்கத்தில் இருந்தார். குறிகாட்டுவானுக்குப் பஸ்ஸில் போய், அங்கிருந்து ஒரு மணித்தியாலம் படகில் போக வேண்டும். பின்னேரப் படகைத் தவறவிட்டால் அன்று வழியில்லை. அதைத்தான் அவர் மூன்று தரமும் கேட்டிருக்கிறார். என்னைக் கண்டு சிரித்தார், "வாறம் பிள்ளை" என்றார்.

நேரம் இல்லாததால் அவரை ஏசவில்லை. "எங்கேயிருந்து வந்தனீங்கள்?" என்று கேட்க அந்த நேரமே போதும். கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். தீவுப்பகுதி ஆட்களின் டிக்கெட்டுகளைக் காலையிலேயே எடுத்து அடுக்கின் மேலே வைத்துவிடுவேன், எழுதுகிற டொக்டரிடமும் சொல்லிவிடுவேன். சிலர் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை.

டிசம்பர் 1

நல்ல மழை. முற்றத்தில் முழங்கால் அளவு வெள்ளம். 25-ஆம் திகதி தொடங்கின உயர்தரப் பரீட்சையை 27-ஆம் திகதியிலிருந்து நிறுத்திவிட்டார்கள், மகள் புத்தகத்தை மூடவும் முடியாமல் திறக்கவும் முடியாமல் இருக்கிறாள்.

வெள்ளை உடுப்பைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். எங்கள் ஊர் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், கேத்திலில் வெள்ளையாகப் படிவது அதுதான். சவர்க்காரம் நுரைக்காது, வெள்ளைத் துணி பழுத்துவிடும். நீலம் போட்டு அலசுவேன். அம்மா மழைத்தண்ணீர் பிடித்து வைத்துத் தோய்ப்பார், அதில் தோய்த்த உடுப்பு பளிச்சென்று இருக்கும். ஆனால் மழை நாளில் காய்வதில்லை. ஈர உடுப்பை இஸ்திரிப் பெட்டியால் காயவைத்துப் போட்டுக்கொண்டு போகிற நாள்கள்தான் இவை. வெள்ளத்துக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய், ஆஸ்பத்திரியில் கால் கழுவி மாற்றுகிறேன்.

டிசம்பர் 15

இரண்டு கிழமை எழுத முடியவில்லை. வெள்ளத்துக்குப் பிறகு எலிக்காய்ச்சல். செய்தியில் பார்த்திருப்பீர்கள், ஆட்கள் இறந்திருக்கிறார்கள். வயல்காரரே, காலில் புண்ணோடு சேற்றுக்குள் இறங்காதீர்கள். சுகாதாரப் பரிசோதகர்கள் தருகிற டொக்சிசைக்கிளின் குளிசையைச் சாப்பாட்டுக்குப் பிறகு நிறையத் தண்ணீரோடு போடுங்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் பிடித்து வலித்து, கண் சிவந்தால் வீட்டில் பனடோல் போட்டுக்கொண்டு இருக்க வேண்டாம். வந்ததும் "வயலுக்க நிண்டனான்" என்று முதல் சொல்லுங்கள்.

டெங்கும் இந்த மாதங்களில்தான். காய்ச்சல் விட்டுவிட்டது, பிள்ளை தேறிவிட்டது என்று வீட்டார் சந்தோசப்படுகிற நேரம்தான் எங்களுக்குப் பயம். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிற கட்டம் அப்போதுதான் தொடங்கும், 24 முதல் 48 மணித்தியாலம் வரை. 50 கிலோ ஆளுக்கு அந்த 48 மணித்தியாலத்துக்கும் வாயாலும் சேலைனாலும் சேர்த்து 4600 மில்லிலீட்டர் என்று கணக்கு. கூடினால் நுரையீரலில் நீர் கோர்க்கும், குறைந்தால் பிரஷர் விழும். சலம் (சிறுநீர்) மணிக்கு 25 மில்லிலீட்டராவது போக வேண்டும். அதனால்தான் "சலத்தை ஊத்திவிடாதேங்கோ, அளக்க வேணும்" என்று தலைதலையாக அடித்துக்கொள்கிறோம். போன கிழமை ஒரு தாய், நாற்றமாக இருக்கிறதென்று இரண்டு தரம் ஊற்றிக் கழுவிவிட்டார். பிள்ளையின் சலம் நின்றுவிட்டதா போகிறதா என்று எங்களுக்குத் தெரியாமல் போனது. ஏசினேன். பிறகு அவரை ஒரு பக்கம் கூப்பிட்டு, அளவுச் சாடியைக் கையில் கொடுத்து, கோட்டைக் காட்டி, ஏன் என்று சொன்னேன். அந்த இரவு முழுக்க ஒவ்வொரு மணிக்கும் அவரே அளந்து கொப்பியில் எழுதி வைத்திருந்தார். எங்கள் எழுத்தைவிட வடிவான எழுத்து.

டிசம்பர் 22, பின்னேரம்

முதல் கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, அப்பாவுக்கு ஜனவரியில் ஹேர்னியா ஒப்பரேஷனுக்குத் திகதி கொடுத்திருக்கிறார்கள், என்ன கொண்டு போக வேண்டும் என்று கேட்டிருக்கிறார். கேட்டது நல்லது.

கிளினிக் கொப்பி கட்டாயம். அப்பா போடுகிற குளிசைகளை மட்டையோடு ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். "வெள்ளைக் குளிசை, காலையில அரை" என்றால் எங்களுக்கு விளங்காது. இரத்தம் இளக்குகிற மருந்து போடுகிறவர் என்றால் இப்போதே கிளினிக்கில் சொல்லுங்கள், கடைசி நாள் மட்டும் வைத்திருக்க வேண்டாம். பிளாஸ்க், சாரம் இரண்டு, கழற்றிப் பூட்டுகிற பல்லு என்றால் அதற்கு ஒரு டப்பா. மோதிரம், சங்கிலி வீட்டில். பார்க்க வருபவர்களில் ஒருவர் மட்டும் கதைக்கிற ஆளாக இருங்கள், மற்றவர்கள் அவரிடம் கேட்கட்டும். கேட்க நல்ல நேரம் பின்னேரம் பார்வையாளர் நேரம் முடிந்த கையோடு. நேர்ஸின் கையில் ஊசி இருந்தால் கொஞ்சம் பொறுங்கள், கீழே வைத்தவுடன் கேளுங்கள். அப்பாவுக்குக் காது மந்தம் என்று முதல் கேள்வியில் எழுதியிருந்தீர்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன், அது வேறொருவர். இருந்தாலும் அப்படி ஏதும் இருந்தால் வாட்டில் சேர்க்கும்போதே சொல்லுங்கள், டிக்கெட்டில் எழுதி வைப்போம்.

அன்று என்னை ஏசிய அந்தச் சின்ன நேர்ஸ் பிள்ளைக்கென்று அம்மா பயத்தம் பணியாரம் சுட்டு வைத்திருக்கிறார். நாளைக்குக் காலையில், டியூட்டி முடிந்ததும், நான்தான் கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லை. இன்று இரவு டியூட்டி, ஆறரைக்கு வெளிக்கிடுகிறேன்.